ஜார்ஜ் டவுனில் நடந்தே சாப்பிடப் போகும்படி பூட்டிக் விடுதி பிடிப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

மலேசியாவின் பினாங்குத் தீவிலுள்ள ஜார்ஜ் டவுனுக்கு முதல் முறை போகிறவர்கள் பெரும்பாலும் அறையின் படத்தைப் பார்த்து முன்பதிவு செய்கிறார்கள். சாப்பாட்டுக் கடைகளை ஊருக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் தேடுகிறார்கள். இந்த வரிசையை அப்படியே திருப்பிப் போட வேண்டும். முதலில் சாப்பாடு, அடுத்தது தெரு, பிறகு கட்டடம், அதற்குள் அறை, கடைசியில்தான் விலை.

காரணம் எளிது. பழைய நகரத்து பூட்டிக் விடுதிகளில் (தனி அழகோடு அமைத்த சிறு விடுதிகள்) பெரும்பாலானவை, கீழே கடையும் மேலே வீடுமாக இருந்த கடைவீடுகளைப் புதுப்பித்து உருவாக்கியவை. அறைகள் குறைவு, சமையலறை சிறியது. மூன்று வேளையும் வெளியில்தான் சாப்பிடப் போகிறீர்கள். அப்படியிருக்க, விடுதி எந்த மூலையில் நிற்கிறது என்பதுதான் உங்கள் நாளைத் தீர்மானிக்கும்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

போகும் தேதிகள், அவை வாரத்தில் எந்தக் கிழமைகளில் வருகின்றன என்ற விவரம், கைபேசியில் வரைபடச் செயலி, விடுதிக்குச் செய்தி அனுப்ப வாட்ஸ்அப். இவ்வளவு போதும்.

கூட வருகிறவர்களின் சாப்பாட்டுக் கட்டுப்பாடுகளை முன்பே எழுதிக்கொள்ளுங்கள்: சைவமா, ஹலால் மட்டுமா, மாட்டிறைச்சி ஆகாதா, பன்றி ஆகாதா, மது உண்டா. இந்த ஊரில் இதைப் பொறுத்துத் தெருவே மாறும். சீனர் கடைகளில் சார் குவே தியாவ் என்ற பட்டை அரிசி நூடுல்ஸைப் பல இடங்களில் பன்றிக் கொழுப்பில்தான் வறுப்பார்கள். பினாங்கு ஹொக்கியன் மீயின் (மீ என்றால் நூடுல்ஸ்) சாற்றில் இறாலோடு பன்றி எலும்பும் வெந்திருக்கும். இதை அங்கே போய்த் தெரிந்துகொண்டால், பக்கத்துக் கடைகளில் பாதி உங்களுக்குப் பயன்படாமல் போகும்.

படி ஏற முடியாதவர் யாராவது வருகிறார்களா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். ஆறாம் பகுதியில் அது தேவைப்படும்.

2. சாப்பாட்டை நேரப்படி எழுதுங்கள்

'பார்க்க வேண்டிய பத்துக் கடைகள்' என்று பட்டியல் போடாதீர்கள். காலை, பகல், மாலை, இரவு என்று நான்கு கட்டங்கள் போட்டு, ஒவ்வொன்றிலும் இரண்டு கடைகளை எழுதுங்கள். ஜார்ஜ் டவுனில் கடைகள் வேளைக்கு வேளை இடம் மாறும். காலையில் கூட்டம் மொய்க்கும் சந்து இரவில் வெறிச்சோடிக் கிடக்கும்; பகலில் வெறும் நடைபாதையாக இருக்கும் இடத்தில் மாலையில் அடுப்பு எரியும்.

காலைக்கு டிரான்ஸ்ஃபர் சாலையில் ரொட்டி சானாய் என்ற பரோட்டா விற்கும் கடைகளும், கேம்பல் தெருவை ஒட்டிய சந்தில் கரியடுப்பில் ரொட்டி வாட்டித் தரும் தோ சூன் கோப்பிக் கடையும் பலரும் தேடிப் போகும் இடங்கள். இட்லி, பொங்கல் வேண்டுமென்றால் லிட்டில் இந்தியாவின் சைவ உணவகங்கள் காலையிலேயே திறந்திருக்கும்.

பகலுக்கு நாசி கண்டார், அதாவது பல குழம்புகள் ஊற்றித் தரும் சோறு. கேம்பல் தெருவில் 1907 முதல் நடக்கும் ஹமீதியா, பினாங் சாலையின் லைன் கிளியர் இரண்டும் பழைய நகரத்துக்குள்ளேயே இருக்கின்றன. வெயில் ஏறியதும் பினாங் சாலையிலிருந்து பிரியும் கெங் குவீ தெருவில் செண்டோல் என்ற தேங்காய்ப்பால் ஐஸ் இனிப்பு.

நாசி கண்டாரில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். கடைக்காரர் சோற்றின் மேல் ஒரு கரண்டி கோழிக் குழம்பு, ஒரு கரண்டி மீன் குழம்பு, இன்னொரு கரண்டி மாட்டிறைச்சிக் குழம்பு என்று மாற்றி மாற்றி ஊற்றுவார். அந்தக் கலவைதான் அதன் ருசி. மாட்டிறைச்சி ஆகாதவர்கள் தட்டை நீட்டும் முன்பே 'குவா அயாம் சஹாஜா' என்று சொல்லிவிட வேண்டும்; கோழிக் குழம்பு மட்டும் என்று பொருள். கரண்டி கை இறங்கிய பிறகு சொல்லிப் பயனில்லை. தமிழிலேயே சொன்னாலும் பல கடைகளில் புரிந்துகொள்வார்கள்.

மாலை ஆறுமணிக்கு மேல் சூலியா தெருவின் தள்ளுவண்டிகள் வந்துவிடும்: வான்தான் மீ, கறி மீ, லோக் லோக் (குச்சியில் குத்திக் கொதிநீரில் முக்கி வேகவைத்துச் சாப்பிடுவது). கிம்பர்லி தெருவிலும் அதே நேரத்தில்தான் வாத்து குவே சாப் (வாத்துக்கறி போட்ட அரிசி நூடுல்ஸ் சாறு), சார் குவே தியாவ், சூடான இனிப்புக் கஞ்சிகள் எல்லாம் ஆரம்பிக்கும்.

மது அருந்துபவர்களுக்கு லவ் லேன், அதை ஒட்டிய சூலியா தெரு, பினாங் சாலையின் வடமுனை ஆகிய மூன்று இடங்களில் கடைகள் நெருக்கமாக இருக்கின்றன. மலேசியாவில் மதுவுக்கு வரி கடுமை, வாங்கும் வயது 21. முஸ்லிம் உணவகங்களில் மது கிடைக்காது, சீனர் கோப்பிக் கடைகளில் பீர் கிடைக்கும். இரவுச் சாப்பாடும் குடியும் ஒரே மேசையில் அமைய வேண்டுமென்றால் இதைக் கணக்கில் வையுங்கள்.

இங்கே அடிக்கடி நடக்கும் தவறு ஒன்று. வரைபடத்தில் காட்டும் திறப்பு நேரம் பெரும்பாலும் கோப்பிக் கடையின் நேரம். அதற்குள் வாடகைக்கு நிற்கும் தனித்தனி ஸ்டால்களின் நேரம் வேறு, விடுமுறை வேறு. கடை திறந்திருக்கும், நீங்கள் தேடி வந்த மீ ஸ்டால் மூடியிருக்கும். ஸ்டாலின் பெயரைப் போட்டுத் தேடி, கடைசி சில வாரங்களில் பதிவான படங்களின் கிழமையைப் பாருங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் இரண்டு கடைகள் எழுதச் சொன்னது இதற்காகத்தான்.

3. வரைபடத்தில் குறியிடுங்கள்; பெயர்களில் ஏமாறாதீர்கள்

எட்டுக் கடைகளையும் வரைபடத்தில் குறித்ததும் அவை எங்கே கொத்தாகச் சேர்கின்றன என்று தெரியும். அந்தக் கொத்தை மையமாக வைத்து 600 மீட்டர் ஆரத்தில் வட்டம் போடுங்கள். அந்த வெயிலிலும் புழுக்கத்திலும் பத்து நிமிடத்தில் சலிப்பில்லாமல் நடக்கக்கூடிய தூரம் அவ்வளவுதான். முன்பதிவுத் தளம் காட்டும் 'மையத்திலிருந்து தூரம்' பெரும்பாலும் நேர்கோட்டுத் தூரம், அந்த மையமும் அவர்களே வைத்துக்கொண்டது. வரைபடத்தில் நடைவழியைப் போட்டு அளந்து பாருங்கள்.

தெருப் பெயர்களில்தான் புதியவர்கள் அதிகம் தடுக்கி விழுகிறார்கள். மலாயில் லெபூ என்றால் தெரு, ஜாலான் என்றால் சாலை, லோரோங் என்றால் சந்து. லெபூ பினாங் லிட்டில் இந்தியாவின் நடுவே ஓடுகிறது. ஜாலான் பினாங் மேற்கே, செண்டோலும் மதுக்கடைகளும் இருக்கும் பெரிய சாலை. இரண்டுக்கும் நடுவில் பத்து நிமிடத்துக்கு மேல் நடை. 'பினாங்' என்பதை மட்டும் பார்த்து அறை போட்டவர்கள் மூட்டையோடு தெருவில் நிற்பதைப் பார்க்கலாம். லெபூ சூலியாவும் லோரோங் சூலியாவும் அப்படித்தான், ஒன்று பெரிய தெரு, மற்றது அதிலிருந்து பிரியும் சந்து. பிட் ஸ்திரீட் என்று பழைய பெயரில் ஒருவர் சொல்வதும் பலகையில் ஜாலான் மஸ்ஜித் கப்பித்தான் கெலிங் என்று இருப்பதும் ஒரே தெரு.

'ஜார்ஜ் டவுன்' என்ற முகவரியை மட்டும் நம்பாதீர்கள். 2015இல் பினாங்குத் தீவு முழுவதும் மாநகராக்கப்பட்டது. கர்னி டிரைவ், புலாவ் திக்குஸ் பகுதி விடுதிகளும் அதே முகவரியைத்தான் போடுகின்றன. அஞ்சல் எண்ணைப் பாருங்கள். 10200 என்றால் பெரும்பாலும் பழைய நகரம். 10250 என்றால் கர்னி. அங்கிருந்து சூலியா தெருவுக்கு நடந்து வரும் தூரமில்லை, ஒவ்வொரு வேளைக்கும் வண்டி பிடிக்க வேண்டியிருக்கும்.

4. தெருவைத் தேர்வு செய்யுங்கள்

வட்டத்துக்குள் விழும் தெருக்களை எடுத்துக்கொண்டு, இரவு பதினொன்றுக்கும் காலை ஏழுக்கும் அங்கே என்ன நடக்கும் என்று கேட்டுப் பாருங்கள். பகல் எங்கும் ஒரே மாதிரிதான்.

லிட்டில் இந்தியா, அதாவது பினாங் தெரு, மார்க்கெட் தெரு, குயின் தெரு வட்டாரம், சைவச் சாப்பாட்டுக்காரர்களுக்கும் குழந்தைகளோடு வருகிறவர்களுக்கும் வசதி. தோசையும் காப்பியும் வாசலில் கிடைக்கும். மாலை முழுவதும் கடைகளில் பாட்டு ஓங்கி ஒலிக்கும், ஆனால் கடை அடைத்ததும் தெரு சட்டென்று ஓய்ந்துவிடும். கிம்பர்லி தெருவின் இரவுக் கடைகளுக்கு இங்கிருந்து பத்துப் பதினைந்து நிமிடம் நடக்க வேண்டும்.

லவ் லேன், சூலியா தெருவின் நடுப்பகுதி: இரவுச் சாப்பாட்டுக்கும் மதுவுக்கும் இதைவிடக் கிட்டே எதுவும் இல்லை. நள்ளிரவுக்கு மேலும் சத்தம் இருக்கும். தூக்கம் கலைந்தால் மறுநாள் கெட்டுவிடும் என்பவர்கள் இந்தத் தெருவின் மேலேயே தங்காமல், ஒரு தெரு தள்ளித் தங்குங்கள்.

அந்த ஒரு தெரு தள்ளிய இடம்தான் முந்த்ரி தெருவும் ஸ்டுவர்ட் லேனும். எங்களைக் கேட்டால் முதல் முறை வரும் இருவருக்கு இதுவே சிறந்த இடம். சூலியா தெருவின் தள்ளுவண்டிகள் ஐந்து நிமிடம், கேம்பல் தெரு பத்து நிமிடத்துக்குள், குயின் தெரு மாரியம்மன் கோயிலும் அதே அளவு. ராத்திரி வீட்டுத் தெரு போல அமைதி. பழைய நகரத்தின் அழகான பூட்டிக் விடுதிகள் சில இங்கேயே இருக்கின்றன. அதற்கேற்ப விலையும் கூடுதல்.

கேம்பல், கிம்பர்லி, சிந்த்ரா தெருக்கள் சாப்பாடே முக்கியம் என்று வருகிறவர்களுக்கு. பன்றி தவிர்ப்பவர்களுக்குக் கேம்பல் தெரு நல்லது, ஹமீதியா அங்கேதான். கிம்பர்லிக் கடைகள் பெரும்பாலும் சீனர் கடைகள். அதிகாலையில் காய்கறி, மீன் வண்டிகள் வந்து இறங்கும் சத்தம் உண்டு.

அர்மீனியன் தெரு, அச்சே தெருப் பக்கம் பகலில் சுவரோவியம் பார்க்க வரும் கூட்டம் நெரியும், இரவில் சாப்பாட்டுக் கடைகள் குறைவு. படம் எடுக்க நல்ல இடம், தங்கிச் சாப்பிட அவ்வளவாக இல்லை.

கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலை ஒட்டித் தங்கினால் அதிகாலை ஆறு மணி வாக்கில் பாங்கு கேட்கும். சூரியன் ஏழு மணிக்கு மேல் உதிக்கும் ஊர் என்பதால், நடு இரவில் எழுப்பிவிட்டது போலத் தோன்றும். அது ஊரின் இயல்பு. ஒத்துவராதென்றால் முன்கூட்டியே இரண்டு தெரு தள்ளிப் பாருங்கள்.

5. தேதியைச் சரிபாருங்கள்

சீனப் புத்தாண்டின் முதல் சில நாட்கள் சீனர் கடைகள் பெரும்பாலும் மூடியிருக்கும். ரமலான் மாதத்தில் முஸ்லிம் கடைகளின் பகல் நேரம் மாறும். தைப்பூசத்துக்கு முதல் நாள் விடியலில் குயின் தெருவிலிருந்து தங்க ரதமும் பினாங் தெருவின் கோயில் வீட்டிலிருந்து வெள்ளி ரதமும் கிளம்பும். அன்று லிட்டில் இந்தியாவுக்குள் கார் நுழைவது கடினம். ரதம் பார்க்கத்தான் வருகிறீர்கள் என்றால் அந்தத் தெருவிலேயே தங்குங்கள், முந்திய நாளே வந்துவிடுங்கள்.

செப்டம்பர், அக்டோபரில் மழை அதிகம். கடைவீடுகளின் முன்னால் கூரையோடு ஓடும் ஐந்தடி நடைபாதையில் நனையாமல் போகலாம் என்று நினைப்போம். பல இடங்களில் மோட்டார் சைக்கிளும் சரக்கும் அதை அடைத்திருக்கும், சாலையில் இறங்கித்தான் நடக்க வேண்டும். மழை மாதமென்றால் வட்டத்தை 400 மீட்டராகச் சுருக்கிக்கொள்ளுங்கள்.

6. கட்டடத்தைப் புரிந்துகொண்டு அறையைத் தேர்வு செய்யுங்கள்

இந்தப் படியைத்தான் எல்லோரும் தாண்டிப் போகிறார்கள். இங்கே விடுதியின் பெயரைவிட அறையின் இடம் முக்கியம். ஒரே விடுதியில், ஒரே விலையில், ஓர் அறை அருமையாக இருக்கும், இன்னொன்றில் இரவெல்லாம் புரண்டுகொண்டிருப்பீர்கள்.

கடைவீடு ஒடுங்கி நீண்ட கட்டடம். அகலம் ஐந்தாறு மீட்டர்தான், நீளம் அதைப் போலப் பல மடங்கு. இரு பக்கச் சுவர்களும் பக்கத்து வீட்டோடு பொது. அதனால் பக்கவாட்டில் சன்னல் வைக்கவே வழியில்லை. வெளிச்சமும் காற்றும் முன்பக்கத் தெரு, நடுவிலுள்ள வானம் பார்த்த முற்றம், பின்சந்து ஆகிய மூன்று வழிகளில்தான் வர முடியும். நம்மூர்த் தொட்டிக்கட்டு வீட்டை ஒடுக்கி நீட்டினால் எப்படியோ, அப்படி.

ஆகவே ஒவ்வோர் அறையும் இந்த மூன்றில் ஒன்றைப் பார்க்கும், அல்லது எதையும் பார்க்காது. தெருவைப் பார்க்கும் மாடி அறையில் வெளிச்சம் நன்றாக இருக்கும், மரச் சன்னல் வழியே சத்தம் முழுவதும் உள்ளே வரும். பின்சந்து அறை பொதுவாக அமைதியானது, ஆனால் பக்கத்தில் உணவகத்தின் புகைபோக்கி இருந்தால் எண்ணெய் வாடை அடிக்கும். எதையும் பார்க்காத அறை விலை குறைவு, காற்றோட்டம் முழுக்க ஏசியை நம்பியது.

முற்றத்து அறைகள் படத்தில் மிக அழகு. விடியலில் அங்கே படுத்துக்கொண்டு கேட்டால் புரியும்: கீழே நாற்காலி இழுக்கும் சத்தம், கரண்டி கோப்பையில் மோதும் சத்தம், இரண்டு பேர் மெதுவாகப் பேசுவது, எல்லாம் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல மேலேறி வரும். கதவுகள் சட்டமிட்ட மரக் கதவுகள், ஒலியைத் தடுக்காது. காலைச் சிற்றுண்டி முற்றத்தில் பரிமாறப்படும் விடுதியென்றால் ஏழு மணிக்கு விழிப்பு வந்துவிடும். சீக்கிரம் எழுகிறவர்களுக்கு இதுவே இனிமை. கொசுவலை உண்டா என்று மட்டும் கேளுங்கள். முற்றம் திறந்திருப்பதால் கொசு வரும், டெங்கி உள்ள ஊர்.

கீழ்த்தள அறைகளில் ஈரம் பார்க்க வேண்டும். பழைய சுவர்கள் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும். தரையிலிருந்து ஏறும் ஈரம் சுண்ணாம்புப் பூச்சின் வழியே வெளியேறிவிடும். புதுப்பிக்கும்போது சிமெண்ட் பூசி அடைத்திருந்தால் ஈரம் உள்ளேயே தங்கிப் பூச்சு உப்பும், அறையில் பூஞ்சை வாடை வரும். விருந்தினர் கருத்துகளில் 'வாடை', 'ஈரம்' என்ற சொற்களைத் தேடிப் பாருங்கள், எந்த அறை என்றும் சிலர் எழுதியிருப்பார்கள்.

படிக்கட்டுகள் மரத்தாலானவை, செங்குத்தானவை. லிஃப்ட் இருப்பது அரிது. முழங்கால் வலி உள்ளவர்களுக்கும் 20 கிலோ பெட்டி தூக்குகிறவர்களுக்கும் இது சின்ன விஷயமில்லை. சில அறைகளில் படுக்கையே பரணில், ஏணி போன்ற படியில் ஏறிப் போகும்படி இருக்கும். அறையின் எல்லாப் படங்களையும் பார்த்து, படுக்கை எந்த மட்டத்தில் இருக்கிறது என்று உறுதி செய்யுங்கள்.

7. விடுதிக்கு அனுப்ப வேண்டிய செய்தி

தளத்தில் 'சிறப்புக் கோரிக்கை' பெட்டியில் எழுதுவதைவிட, பணம் கட்டும் முன் வாட்ஸ்அப்பில் கேட்பது மேல். அறை எண் போட்டுப் பதில் வரும், எழுத்தில் இருக்கும்.

'அமைதியான அறையா?' என்று கேட்காதீர்கள். யாரும் இல்லை என்று சொல்ல மாட்டார்கள். உண்மையைச் சொன்னால்தான் பதிலாகும் என்ற வகையில் கேளுங்கள். இந்த அறையின் சன்னல் திறந்தால் தெரிவது எது: தெருவா, முற்றமா, பின்சந்தா, சுவரா? எத்தனை படி ஏற வேண்டும்? பக்கத்துக் கட்டடத்தில் இப்போது என்ன நடக்கிறது, கட்டட வேலை உண்டா, மதுக்கடை உண்டா? காலைச் சிற்றுண்டி எங்கே, எத்தனை மணிக்கு? இரவு எத்தனை மணி வரை வரவேற்பறையில் ஆள் இருப்பார்?

கடைசிக் கேள்வி முக்கியம். பல சிறிய விடுதிகளில் இரவில் ஆள் இருக்க மாட்டார், வாசல் கதவுக்குக் குறியீட்டு எண் தந்துவிடுவார்கள். தாமதமாக இறங்கும் விமானத்தில் வருகிறவர்கள் அந்த எண்ணை முன்பே வாங்கி வைத்திருக்க வேண்டும். விமான நிலையம் தெற்கே பாயான் லெப்பாஸில். நகருக்குள் வந்து சேரக் காரில் முக்கால் மணி நேரம்கூட ஆகலாம்.

காரில் வருகிறவர்கள் நிறுத்தும் இடத்தையும் கேளுங்கள். கடைவீட்டு விடுதிகளில் பெரும்பாலும் சொந்த இடம் இருக்காது. தெருக்கள் பல ஒருவழி. வாசலைத் தவறவிட்டால் சுற்றிக்கொண்டுதான் வர வேண்டும்.

8. இப்போது விலையை ஒப்பிடுங்கள்

தளத்தில் தெரியும் விலை முழு விலையல்ல. தங்குமிடச் சேவை வரி 2024 மார்ச் முதல் 8 சதவீதம். ஆண்டு வருமானம் வரம்புக்குக் கீழே உள்ள சிறு விடுதிகள் இதை வசூலிக்காமல் இருக்கலாம். மலேசியக் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் அல்லாதவர்களுக்கு அறை ஒன்றுக்கு இரவுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி உண்டு. இது ஆளுக்கு அல்ல, அறைக்கு. பெரும்பாலும் வரவேற்பறையில் தனியாகக் கேட்பார்கள். மாநில உள்ளூர்க் கட்டணமாகச் சில ரிங்கிட்டும், திரும்பக் கிடைக்கும் சாவி முன்பணமும் இருக்கலாம்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். அறை 300 ரிங்கிட், வரி சேர்க்காத விலை என்று வைத்துக்கொள்வோம். சேவை வரி 24, சுற்றுலா வரி 10. ஆக 334. இரண்டு இரவுக்கு 668. வட்டத்துக்கு வெளியே 260 ரிங்கிட்டுக்கு ஓர் அறை கிடைத்தால் வரிகளோடு 290.80. மிச்சம் நாளுக்கு 43 ரிங்கிட் போல. அங்கிருந்து நாளுக்கு நான்கு தடவை வண்டி பிடித்தால் அந்த மிச்சத்தில் பெரும்பகுதி கரையும். முக்கியமாக, மத்தியானம் அறைக்கு வந்து குளித்துவிட்டு மறுபடி சாப்பிடப் போகும் சுகம் இருக்காது. அந்த வெயிலில் அதுதான் பெரிய விஷயம்.

காலைச் சிற்றுண்டி சேர்த்த விலையும் சேர்க்காத விலையும் தனித்தனியாகக் காட்டினால், சேர்க்காததையே எடுங்கள். உங்கள் காலைக் கட்டத்தில் இரண்டு கடைகள் ஏற்கெனவே இருக்கின்றன.

9. போய்ச் சேர்ந்த முதல் அரை மணி

பெட்டியைத் திறக்கும் முன் அறையைச் சோதியுங்கள். பிறகு கேட்டால் 'பயன்படுத்திய அறை' ஆகிவிடும், மாற்றித் தரத் தயங்குவார்கள்.

ஏசியை அணைத்துவிட்டு இரண்டு நிமிடம் நில்லுங்கள். சத்தமும் வாடையும் அப்போதுதான் தெரியும். சன்னலைத் திறந்து மூடுங்கள். குளியலறை வடிகால் மேல் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள், தேங்குகிறதா என்று. வடிகாலிலிருந்து சாக்கடை வாடை வந்தால் உள்ளே இருக்கும் நீர்ப்பூட்டு காய்ந்திருக்கலாம், ஒரு வாளி தண்ணீர் ஊற்றினால் சரியாகிவிடும். அதன் பிறகும் வந்தால் அறையை மாற்றுங்கள். செய்தியில் சொன்ன சன்னல் இல்லையென்றால் அந்தப் பதிலையே காட்டிக் கேளுங்கள்.

இரவு சாப்பிட்டுத் திரும்பும்போது எதிர்வரும் வண்டிகளைப் பார்த்தபடி நடங்கள். தோள்பையைச் சாலைப் பக்கம் தொங்கவிடாதீர்கள், மோட்டார் சைக்கிளில் வந்து பறிப்பது நடக்கும். ரொட்டி சானாய்க்குக் காலை எட்டரைக்குள் கிளம்பிவிடுங்கள். அதற்குப் பிறகு டிரான்ஸ்ஃபர் சாலை ஓரத்தில் நிழலான மேசை கிடைப்பது கடினம்.